உப்புப் பார்க்காத கோலா உருண்டை

என் மாமனார் கணேசமூர்த்தி இறந்து ஒரு வருடம் நிறைவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு சண்டை தொடங்கியது. படையலில் அவருக்கு வைக்கப்போகும் கோலா உருண்டையை வீட்டிலேயே செய்வதா, கடையில் வாங்குவதா என்பதுதான் சண்டை. ஒரு பக்கம் என் மாமியார் மங்களம். மறுபக்கம் மாமனாரின் தங்கை தமயந்தி. நடுவில் என் கணவர் கவியரசன், அதாவது எந்தப் பக்கமும் இல்லாமல். நான் வேடிக்கை பார்க்கிற இடத்தில் இருந்தேன். கடைசிவரை அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இது 2004-ல் நடந்தது. எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில், மாடியில் நின்றால் ரயில் தெரிகிற தெருவில் இருந்தது. மாமனார் பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நாமக்கல்லிலிருந்து வந்தவள். வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதில் எங்கே குறை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து எழுதிவைப்பது என் தொழில். அதற்குத்தான் சம்பளம். ஆனால் எங்கள் வீட்டில் நான் முதல் வாரமே கண்டுபிடித்த பெரிய குறை ஒன்றை மூன்று வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீராமபுரத்திலிருந்து தொடைக்கறி வந்தது. அத்தை, அதாவது என் மாமியார், சைவ வீட்டில் பிறந்தவர். சொந்தத்துக்குள்தான் கொடுத்தார்கள் என்றாலும் அவர் பிறந்த வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. இங்கே வந்து கறி சமைக்கக் கற்றுக்கொண்டாரே தவிர, ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடி முடிந்துகொண்டு கறியைக் கொத்தி, மிக்ஸியில் தேங்காய், சோம்பு, கசகசா, காய்ந்த மிளகாய், பொட்டுக்கடலை எல்லாம் அரைத்துச் சேர்த்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டுவார். ஒவ்வொரு உருண்டையையும் ஊறவைத்த வாழை நாரால் சுற்றிக் கட்டுவார், எண்ணெயில் உடையாமல் இருக்க. இவ்வளவு சிரத்தையாக ஒருவர் தான் சாப்பிடாத ஒன்றைச் செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை.

முதல் உருண்டை வெந்ததும் ஒரு சின்னத் தட்டில் வைத்து, "உப்புப் பாருங்க" என்று நீட்டினார். மாமா அதற்காகவே சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார். ஊதி, வாயில் போட்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி மென்றார். ஒரு நிமிடம் யோசிப்பது போல இருந்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். அதன் பிறகுதான் மற்றவை எண்ணெய்க்குள் போயின.

பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மணம் இருந்தது, காரம் இருந்தது, மொறுமொறுப்பு இருந்தது. உப்பு மட்டும் இல்லை. கம்மி என்று சொல்வது மரியாதைக்காகத்தான். தலையை நிமிர்த்தினேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாத அளவுக்குத் தலையை இப்படியும் அப்படியும் ஒரு தடவை அசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம். அப்புறம் தட்டின் ஓரத்தில் இருந்த உப்பில் உருண்டையைத் தொட்டுச் சாப்பிட்டார். பக்கத்தில் கவியரசனும் பஜ்ஜியைச் சட்னியில் தொடுகிற மாதிரி உப்பில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் ஒரு ரகசியமும் கிடையாது. கோலா உருண்டையைச் சாப்பிடும் முறையே அதுதான் என்று நினைத்து வளர்ந்தவர். காலேஜ் ஹாஸ்டலில் உப்பு கேட்டு எல்லாரும் சிரித்தார்களாம். நானும் தொட்டுக்கொண்டேன்.

அத்தைக்கு உப்புப் போடத் தெரியாது என்று யாரும் நினைக்கக் கூடாது. அவருடைய ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் இணை கிடையாது. அதையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்ப்பார். கறியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற மாதிரி. அளவுக்கு மீறிப் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு கிலோவுக்கு அரைச் சிட்டிகை.

ஏன் மாமா சொல்லவில்லை என்பதைத் தமயந்திதான் எனக்குச் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை, இருபது வயதுப் பெண், முதல் தடவையாகக் கறியைக் கையால் தொட்டு, இரண்டு தடவை பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்து, கண் சிவந்து, உருண்டையைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து மாமா "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயதுத் தமயந்தியும் ஒன்றை வாயில் போட்டுவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். அண்ணன் அவர் காலை ஓங்கி மிதித்தாராம்.

"அன்னிக்குச் சொல்லிட்டாரு. மறு வாரம் எப்படி மாத்திச் சொல்றது? போன வாரம் பொய் சொன்னேன்னு ஆயிடும்ல? அப்படியே ஓடிடுச்சு கிருத்திகா, முப்பத்தஞ்சு வருஷம்" என்றார் தமயந்தி.

மாமா மார்பு வலி வந்து ஒரு மதியத்துக்குள் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அத்தை அதிகம் பேசவில்லை, அழவுமில்லை. எல்லாரிடமும் ஒன்றை மட்டும் சொன்னார். "என் கையால கோலா உருண்டைன்னா அவருக்கு உசுரு. நான் வாயில வெக்காத பொருள். ஆனா ஒரு நாளு, ஒரு நாளு குறை சொன்னதில்ல." மாமா கோபக்காரர் இல்லை, கொஞ்சுகிறவரும் இல்லை. எங்கும் அழைத்துப் போனதில்லை, எதுவும் வாங்கித் தந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. அந்தக் குடித்தனத்திலிருந்து அத்தை கையில் மிச்சமாக எடுத்துக்கொண்டது இந்த ஒரு நம்பிக்கையைத்தான். அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது படையலுக்கு வருகிறேன். திதியன்று ஐயர் வந்து சைவமாக எல்லாம் முடித்துவிட்டுப் போவார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து அவர் படத்துக்கு முன்னால் இலைபோட்டுப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படையலுக்குச் சமைக்கிறவர்கள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. போனவர் சாப்பிட்ட பிறகுதான் இருப்பவர்கள் நாக்கில் படலாம்.

இரண்டு வாரம் முன்னதாகவே மல்லேஸ்வரத்திலிருந்து வந்து உட்கார்ந்த தமயந்தி பேச்சை மெதுவாகத்தான் எடுத்தார்.

"அண்ணி, நீங்க ஒண்டியா எவ்ளோன்னு செய்வீங்க? கோலா உருண்டைய மட்டும் கிருஷ்ணப்பா மிலிட்டரி ஹோட்டல்ல வாங்கிடலாம்."

"ஹோட்டல்லயா? அவருக்கா?"

"அவங்க கைமா உண்டேன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? பொட்டுக்கடலைய அள்ளிக் கொட்டி, கறிய கண்ணுல காட்டிட்டு எடுத்திருப்பான்."

"இல்ல அண்ணி, அண்ணனுக்குப் பிடிக்கும்."

"அவரு எப்ப அங்க சாப்ட்டாரு?"

தமயந்தி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஒரு தடவ எங்க வீட்டுக்கு வாங்கினு வந்தாரு" என்று சமாளித்தார்.

நிலைமையைச் சுமுகமாக்கலாம் என்று நான் நடுவில் புகுந்து, "சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட்டாவே கிடைக்குதுங்க அத்தை. ஐஸ்ல வெச்சிருப்பாங்க, எடுத்துப் பொரிச்சா போதும்" என்றேன். அதுவரை எதிரெதிராக உட்கார்ந்திருந்த இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு தடவை நான் வாங்கிவந்த பாக்கெட்டைக் கவியரசன் சாப்பிட்டுவிட்டு, அழிரப்பர் மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் அத்தைக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் காபி போடப் போய்விட்டேன்.

காபியோடு திரும்பியபோது அத்தை உச்சக் குரலில் இருந்தார். "ஹோட்டல் சமையக்காரன் நாலு வாட்டி நக்கிப் பாத்திருப்பான் தமயந்தி. அந்த எச்சில அவருக்கு வெக்கறதா? நான் இத்தன வருஷத்துல நாக்கு நுனியிலகூட வெச்சதில்ல. படையலுக்கு என்னைவிட யாரு சுத்தமா செஞ்சிடுவாங்க?"

தமயந்தி காபி டம்ளரை வாங்கிக்கொண்டார். எந்தக் காரணத்தால் அந்த உருண்டை வாயில் வைக்க முடியாமல் இருந்ததோ, அதே காரணம் அத்தையைப் படையலுக்கு எல்லாரிலும் தகுதியானவர் ஆக்கியது.

அன்று மாலை வழியனுப்பப் போனபோது தமயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ஒரே ஒரு தடவ எங்கண்ணன் உப்புப் போட்டுச் சாப்பிடட்டும்னு பாத்தேன், அவ்ளோதான்" என்றார். சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிவைக் கவியரசன் சொன்னார். ரெண்டும் வைப்பது. "அப்பாவுக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும்மா." ஆபீஸிலும் அவர் இப்படித்தான் முடிவெடுப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அத்தை ஆச்சரியமாக உடனே ஒத்துக்கொண்டார். "வை. காக்கா வரும்ல, எத எடுக்கறாருன்னு பாத்துடலாம்" என்றார். அவருக்குத் தோற்போம் என்ற சந்தேகமே இல்லை.

ஹோட்டலில் சொல்லிவைக்க நான்தான் போனேன். கிருஷ்ணப்பா கல்லாவில் இருந்தார். இன்னார் வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"டிராயிங் சார் மருமகளா? கூத்துக்கோம்மா" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஞாயித்துக்கெழம தப்பாம வருவாரு. வாக்கிங் முடிச்சிட்டு நேரா இங்கதான். ஒரு பிளேட்டு கைமா உண்டே, வேற ஏதும் பேடா, வேணாம்னுடுவாரு. சாப்ட்டுட்டு என்ன சொல்வாரு தெரியுமா? 'உப்பு கரெக்டா போட்டிருக்கே கிருஷ்ணப்பா'ன்னு சொல்வாரு. ருசி சொல்றவங்க உண்டு, காரம் சொல்றவங்க உண்டு. உப்ப யாரும்மா பாராட்டுவாங்க? நல்ல மனுஷன்." இருபது உருண்டை என்று சொன்னேன். படையலுக்கு என்றதும், காலையில் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு சமையலறைக்குள் போனார். கறி அரைத்துப் பிசைந்து தாம்பாளத்தில் இருந்தது. வாழை நார் எடுத்துவரப் பின்பக்கம் போனார். நான் தனியாக அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் நின்றேன். பக்கத்திலேயே உப்பு ஜாடி. மூடியைத் திறந்து ஒரு பிடி கையில் எடுத்துக்கொண்டேன்.

போட்டிருக்கலாம். போட்டிருந்தால் பிரச்சினை யாருக்கும் தெரியாமல் தீர்ந்திருக்கும். ஆனால் எவ்வளவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, வாயில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. அதைவிட, மாமா தலையை அசைத்தது நினைவுக்கு வந்தது. அவர் முப்பத்தைந்து வருடம் விழுங்கிய ஒன்றை அவருடைய இலையிலேயே நான் எதற்குத் திருத்துவது என்று தோன்றியது. உப்பை ஜாடியிலேயே கொட்டினேன். அத்தை உள்ளே வந்தார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. உப்பு ஜாடி திறந்திருந்துச்சு."

"நான் போட்டாச்சும்மா. கறிக்கு ஜாக்கிரதையாப் போடணும். ஏறிடுச்சுன்னா எறக்க முடியாது."

முதல் உருண்டை பொரிந்து வந்ததும் பழக்கத்தில் அதைச் சின்னத் தட்டில் வைத்து வாசல் பக்கம் கையை நீட்டிவிட்டார். வாசலில் நான் நின்றிருந்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, தட்டை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, அடுத்ததை எண்ணெயில் போட்டார். எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமா மேல் கோபமும் வந்தது, ஏன் என்று அப்போது புரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் படையல் போட்டோம். மாமாவின் படத்துக்கு முன்னால் பெரிய இலை. சோறு, கறிக்குழம்பு, வறுவல், முட்டை, வடை, பாயசம். இலையின் இடப்பக்கம் நார் சுற்றிய உருண்டைகள், வலப்பக்கம் கிருஷ்ணப்பாவின் வழவழப்பான உருண்டைகள். சூடம் காட்டிக் கும்பிட்டோம். பிறகு இரண்டு இலைத் துண்டுகளில் சோறும் நெய்யும் அப்பளமும் வைத்து, ஒன்றில் வீட்டு உருண்டை மூன்று, இன்னொன்றில் கடை உருண்டை மூன்று வைத்து, மாடிக்குக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தோம். காக்கை எடுத்தால்தான் நமக்குச் சாப்பாடு.

காக்கை வந்தது. நேராக வீட்டு இலைக்குத்தான் வந்தது. அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். அது அப்பளத்தைத் தின்றது. நெய்ச்சோற்றைத் தின்றது. பிறகு ஒரு உருண்டையின் நாரைப் பிடித்து இழுத்து, இரண்டு கொத்துக் கொத்திவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, அதை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டுப் பறந்துபோனது. காக்கைக்கு வயிறு நிறைந்திருக்கலாம். நார் பிடிக்காமல் போயிருக்கலாம். எனக்கு இந்த மாதிரி சோதனைகளில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அத்தையின் பிடி தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

அதற்குள் மேலேயிருந்து ஒரு பருந்து இறங்கியது. ஒக்கலிபுரத்தில் கறிக்கடைகள் இருக்கும்வரை பருந்துக்குப் பஞ்சமில்லை. நாங்கள் ஒரு அடி பின்வாங்குவதற்குள் கிருஷ்ணப்பாவின் உருண்டை ஒன்றைக் காலில் பற்றிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போய்விட்டது.

"பாத்தீங்களா அண்ணி!" தமயந்தி கையைத் தட்டியே விட்டார்.

"அது பருந்து. அவரு எதுக்குப் பருந்தா வராரு?"

"எதுவா வந்தா என்ன? பருந்துக்குக்கூட உப்பு தெரியுது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வெளியே வந்தது வந்ததுதான்.

"என்ன உப்பு?" என்று கேட்டார் அத்தை.

கவியரசன், "ம்மா, கீழ போலாம், பசிக்குது" என்றார்.

"கவி, உப்புன்னா என்னன்னு கேட்டேன்."

"ஒண்ணுமில்லம்மா. தமயந்தி அத்தை சும்னே சொல்றாங்க. எனக்கு நீ செய்யறதுதான் பிடிக்கும்."

அத்தை அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "கிருத்திகா, நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட."

அப்படியொரு பெயர் எனக்கு இருப்பது அன்றுதான் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நம்பிக்கை அவரிடமே இருந்திருக்கும். தமயந்தி கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். ஆனால் ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்கும்போது மாமாவைப் போலச் செய்ய என்னால் முடியவில்லை.

"உப்பு கம்மிங்க அத்தை. எப்பவுமே கம்மி."

"எப்பவுமேன்னா?"

"நான் வந்ததுலேருந்து."

"மொத நாள்லேருந்து அண்ணி" என்றார் தமயந்தி, சின்னக் குரலில்.

அத்தை படியிறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். படையலுக்கு முன்னால் உட்கார்ந்தார். இலையின் இடப்பக்கத்திலிருந்து தன்னுடைய உருண்டை ஒன்றை எடுத்தார். நகத்தால் நாரைப் பிரித்து ஓரமாக வைத்தார். அதை என்ன செய்யப்போகிறார் என்று எங்கள் மூவருக்கும் கடைசி நொடிவரை புரியவில்லை. வாயில் போட்டுக்கொண்டார்.

"ம்மா!" என்றார் கவியரசன்.

அத்தை காதில் வாங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகக் கறி தின்றவரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தொண்டை இரண்டு தடவை எதிர்த்தது. கண்ணில் நீர் கட்டியது. விடாமல் மென்று விழுங்கினார். அதன் பிறகு வலப்பக்கத்திலிருந்து கிருஷ்ணப்பாவின் உருண்டையை எடுத்துப் பாதி கடித்தார். அதையும் மென்று முடித்தார். மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா போட்டிருப்பேன்ல?" என்று கேட்டார்.

படம் பேசவில்லை. தமயந்திதான் பேசினார். "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அண்ணி."

"என் மனசு என்ன கண்ணாடியா? ரசத்துல ஒரு கல்லு உப்பு கொறஞ்சா நாக்குல பட்ட ஒடனே சொல்றவ நானு. எனக்கா சமைக்கத் தெரியாது? 'மங்களம், உப்பு பத்தல'. மூணு வார்த்த. சொல்லியிருந்தா மறு வாரமே சரி பண்ணியிருப்பேன். இவரு மேல பாத்துப் பாத்துத் தலையாட்டி, ஊரே என்னப் பாத்துச் சிரிச்சிருக்கு. நானும் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன், சாவு வீட்டுலகூட."

அப்போதுதான் அழுதார். ஒரு வருடமாக வராத அழுகை, சத்தமாக, வாயில் கறி வாசனையோடு வந்தது. புருஷன் போன துக்கத்தில் அழுகிறார் என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருப்பார்கள். எனக்குக் காலையில் மாமா மேல் வந்த கோபம் ஏன் என்று இப்போது புரிந்தது. இரக்கம் என்ற பெயரில் ஒரு நல்ல சமையல்காரியை அவர் முப்பத்தைந்து வருடம் கெட்ட சமையல்காரியாகவே வைத்திருந்தார். அதில் நானும் மூன்று வருடம் கூட்டு.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாவு மீதி இருக்கா?" என்றார். எதிர்வீட்டு முத்தம்மாவுக்குச் சாயங்காலம் பொரித்துக் கொடுக்க எடுத்து வைத்திருந்த கறிமாவு இருந்தது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். இந்தத் தடவை மூக்கை மூடவில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிசைந்து, ஒன்றே ஒன்றைப் பொரித்து, ஊதிக் கடித்தார். போதாது என்று தலையசைத்தார். இன்னும் கொஞ்சம் போட்டுப் பிசைந்தார். இரண்டாவதைக் கடித்தார். விரல் நுனியில் ஒட்டுகிற அளவு இன்னும் கொஞ்சம். நாங்கள் மூவரும் வாசலில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். மூன்றாவதைக் கடித்துவிட்டு அடுப்பையே பார்த்தபடி நெடுநேரம் மென்றார்.

"இப்பதான்" என்றார்.

மீதியைப் பொரித்து ஒரு தட்டில் போட்டு எங்களிடம் தள்ளினார். நின்றபடியே சாப்பிட்டோம். மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கிருஷ்ணப்பாவுடையதைவிட நன்றாக இருந்தது, நிறையவே நன்றாக இருந்தது. கவியரசன் நாலாவதுக்குக் கையை நீட்டினார்.

தமயந்தி ஒரு உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் நகர்ந்தார். "அண்ணனுக்கு ஒண்ணு வெச்சுட்டு வந்துடறேன் அண்ணி."

"வேணாம்" என்றார் அத்தை.

"ஏன் அண்ணி? இப்பதானே சரியா வந்திருக்கு. பாவம், ஒண்ணே ஒண்ணு."

"அவருக்கு வெச்சது வெச்சாச்சு. அதுவே சரியா இருக்குன்னு சொன்னவருதானே. இது நமக்கு."

தமயந்தி கையில் இருந்ததை வாங்கி அத்தை தன் வாயில் போட்டுக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.